பச்சையெல்லாம் பசுமை ஆகுமா? நம் மாணவர் கட்டுரைகளில் வரும் நகரம்



இந்தத் திறனாய்வை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் ‘பசுமை நகரம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய முப்பது தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே நகரம்தான். சாலையின் இருபுறமும் மரங்கள், கூரைமேல் சூரிய சக்தித் தகடுகள், மிதிவண்டிப் பாதை, மூன்று நிறத்தில் மறுசுழற்சித் தொட்டிகள். முடிவில் ‘சிங்கப்பூரைப் போல நாமும் முன்னேறுவோம்’. இலக்கணப் பிழை குறைவு. பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நல்ல மதிப்பெண் போட்டேன்.

ஒரே ஒரு தாள் வேறு மாதிரி. அந்த மாணவி பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பாட்டி வாழ்ந்த லயத்து வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். முன்வாசலில் முருங்கை, பின்பக்கம் கறிவேப்பிலை, குளித்த தண்ணீர் ஓடிப்போய்ச் சேரும் இடத்தில் வாழை. பிறகு இப்படி முடித்திருந்தாள்: “இப்போ நாங்க பிளாட்டுல நாலாவது மாடியில இருக்கோம். பாட்டி ஒரு பெயின்ட் வாளியில முருங்கை வச்சாங்க. அது செத்துப்போச்சு. எல்லாரும் சொல்ற பசுமை நகரத்துல எங்க பாட்டிக்கு இடம் இருக்குமா?”

நான் சிவப்பு மையால் ‘தலைப்பிலிருந்து விலகல்; பேச்சுவழக்கைத் தவிர்க்க’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

அந்த முப்பது தாள்களில் கேள்வி கேட்ட ஒரே தாள் அதுதான் என்று புரிய எனக்குப் பல நாள் பிடித்தது. மற்றவை கேட்டதைத் திருப்பிச் சொன்ன தாள்கள். ஆகவே, நாம் கற்றுக்கொடுக்கும் ‘பசுமை நகரக் கட்டுரை’ என்ற வடிவத்தையே இங்கே எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதில் என்ன இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது?

பச்சை வேறு, பசுமை வேறு

முதலில் அந்தச் சொல். மாதிரிக் கட்டுரைகளில் ‘பசுமை’ என்றால் மரம். மரம் எண்ணிக்கையில் கூடினால் பசுமை கூடும் என்பது கணக்கு. இந்தக் கணக்குச் சரியா என்று சோதிக்க வடசிலாங்கூரை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007-இல் பெயர் மாறியது.) கண்ணுக்கு எட்டும் தூரம்வரை செம்பனை. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துக்கு அழகு மரமாகத்தான் கொண்டுவரப்பட்டது. ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை 1911 வாக்கில் கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் அதை நட்டார். 1917-இல் தெனமாராம் தோட்டத்தில் வணிக அளவிலான பயிரிடுதல் தொடங்கியது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் வட்டாரத்தில்தான் பிறந்தது. அதே ஃபோக்கோனியே இந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நம் தாத்தா, பாட்டி தலைமுறைத் தமிழர்கள் அந்த நாவலில் வருகிறார்கள். நம் மாணவர் கட்டுரையில் வருவதில்லை.

செம்பனைக் காடு பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. கீழே புல் முளைக்காமல் இருக்க மருந்து அடிக்க வேண்டும். அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2002-இல் தடை செய்யப்பட்டது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. இத்தனை ஆண்டுகள் யாருடைய தோலும் நகமும் நுரையீரலும் அந்தப் பச்சையைப் பராமரித்தன?

ஆகவே மாணவர்களே, ‘பசுமை’ என்ற சொல்லை எழுதும்போது ஒரு கேள்வியையும் பக்கத்தில் வையுங்கள்: இந்தப் பச்சையை யார் வளர்க்கிறார், யார் அனுபவிக்கிறார்?

தோட்ட நகரம் என்ற சிந்தனை எங்கிருந்து வந்தது?

மாதிரிக் கட்டுரைகளில் ‘தோட்ட நகரம்’ என்ற சொல் தவறாமல் வரும். ஆனால் அதன் பொருளை அநேகமாக யாரும் விளக்குவதில்லை. இந்தச் சிந்தனையைப் பரப்பியவர் எபனேசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். கட்டடக் கலைஞர் அல்லர். சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவர். 1898-இல் அவர் எழுதிய நூல் 1902-இல் ‘நாளைய தோட்ட நகரங்கள்’ என்ற பொருள்படும் புதுத் தலைப்பில் மறுபடி வந்தது. 1903-இல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த் என்ற முதல் தோட்ட நகரம் தொடங்கப்பட்டது.

ஹோவர்டின் நூலைப் படித்தால் ஒன்று தெரியும். மரங்களும் பூங்காக்களும் அதில் உண்டு. ஆனால் அவர் அதிகம் கவலைப்பட்டது நிலத்தைப் பற்றி. நகரத்தின் நிலம் தனித்தனி ஆள்களுக்குச் சொந்தமாக இல்லாமல், அங்கே வாழும் சமூகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். நகரம் வளர வளர நில மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் குடியிருப்பவர்களுக்கே பள்ளியாக, மருத்துவமனையாக, முதியோர் உதவியாகத் திரும்பி வர வேண்டும். இதுதான் தோட்ட நகரத்தின் மூச்சு. பின்னால் வந்த பலர் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டார்கள். நம் மாதிரிக் கட்டுரைகளும் அதைத்தான் செய்கின்றன.

நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயா ‘தோட்ட நகரம், அறிவார்ந்த நகரம்’ என்ற இரட்டைக் கொள்கையில் எழுந்தது. நகரப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பசுமைக்கு ஒதுக்கப்பட்டது. ஏரிக்குள் வரும் நீரை நாணலும் கோரையும் கொண்ட செயற்கை ஈரநிலம் வடிகட்டித் தருகிறது. இது நல்ல வடிவமைப்பு. இதைத் தாராளமாகப் பாராட்டி எழுதுங்கள்.

அதோடு இன்னொன்றையும் எழுதுங்கள். அந்த நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. பேராங் பெசார், மேடிங்லி, செட்ஜ்லி, காலோவே என்ற நான்கு தோட்டங்கள் அங்கே இருந்தன. முதல் உலகப் போரில் பங்கெடுத்த ஆங்கிலேயர்கள் 1921-இல் தொடங்கிய தோட்டம் பேராங் பெசார். ‘பெரும்போர்’ என்பதுதான் பெயரின் பொருள். பி.பி. என்ற எழுத்துகளோடு உலகெங்கும் அறியப்படும் ரப்பர் இனங்கள் அங்கே உருவானவை. அந்த மரங்களைச் சீவிய தமிழ்க் குடும்பங்கள் தெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. தரைவீடு வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நகரத்துக்குத் தோட்டம் என்ற பெயர் கிடைத்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நகரம் கிடைக்கவில்லை.

இப்போது நம் பக்கத்துச் சான்று ஒன்று. நிலம் அங்கே உழைக்கும் மக்களிடமே இருக்க வேண்டும் என்பதை நம்மவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அதற்கு மறுமொழியாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம், 1961-இல். ஹோவர்டின் பெயரைக்கூடக் கேட்டிராத பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அவருடைய மையக் கருத்தைப் பத்து வெள்ளியால் செயல்படுத்தினார் என்றால், எஸ்.பி.எம். கட்டுரையில் எழுத இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது?

லயத்தைப் புகழ்வதா, பழிப்பதா?

அந்த மாணவியின் கட்டுரைக்கு வருகிறேன். பாட்டியின் லயம் பசுமை வாழ்க்கையா?

ஒருபக்கம் பார்த்தால், ஆமாம். இன்று நகர வடிவமைப்பாளர்கள் ‘15 நிமிட நகரம்’ என்று பேசுகிறார்கள். கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் முன்வைத்த கருத்து. பாரிஸ் மாநகரம் 2020 வாக்கில் அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. வேலை, பள்ளி, கடை, மருந்தகம் எல்லாம் கால் நடையில் எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோவில், ஆயாக்கொட்டகை, மருந்துக் கொட்டகை, மளிகைக் கடை, பந்து விளையாடும் திடல். எல்லாம் நடக்கிற தூரம். காய்கறி வாசலில். மீந்த சோறு கோழிக்கு, சாணம் செடிக்கு. ‘கழிவு’ என்று தனியாக ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம்.

மறுபக்கம், அந்தத் தோட்டத்தில் எதுவுமே அவர்களுக்குச் சொந்தமில்லை. எல்லாம் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் உடனே வர வேண்டும் என்பது. துரையின் பங்களா மேட்டில். லயம் கீழே, பார்வைக்குள். பல லயங்களில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வேலை போனால் வீடும் போகும். முருங்கை மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரத்தைச் சட்டம் போட்டுத்தான் வரையறுக்க வேண்டியிருந்தது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இதற்குச் சான்று.

ஆகவே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று எழுதினால் அது பொய். ‘லயம் வெறும் இருட்டு’ என்று எழுதினால் அதுவும் பாதி உண்மைதான். மாணவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் வைக்கப் பழக வேண்டும். ‘ஆயினும்’, ‘எனினும்’, ‘அதே வேளையில்’ என்று இணைப்புச் சொற்கள் சொல்லிக் கொடுக்கிறோமே, அவற்றுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் கொடுத்துக் குப்பை வாங்கும் ஊர்

மாதிரிக் கட்டுரை நகரத்தின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர். தொட்டியில் போட்டால் குப்பை மறைந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, குப்பை எங்கே போனது என்று அது கேட்பதில்லை.

வடசிலாங்கூர் மாணவர்களுக்கு இதன் விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்று நீர். 2014 வறட்சியில் நீர்ப் பங்கீடு வந்தபோது, பெஸ்தாரி ஜெயாப் பக்கத்துப் பழைய ஈயக்குட்டைகளின் நீரையும் ஆற்றில் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். குப்பைக்கு வருவோம். கோலாலம்பூரின் குப்பை உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்கு வருகிறது. ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா வட்டாரக் குப்பை கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ஜெராமுக்கு 2007 முதல் வருகிறது.

இவை பொறியியல் முறைப்படி அமைந்த குப்பை நிலங்கள். கண்ட இடத்தில் கொட்டுவதைவிட மேல். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரம் சுத்தமாகவும் பசுமையாகவும் தெரிகிறதென்றால், அதற்கான விலையை இன்னோர் ஊர் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த இன்னோர் ஊர் நம்முடையது.

காற்றும் அப்படித்தான். 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. பெரும்பகுதிப் புகை சுமத்ராவிலிருந்து வந்தது. நம் ஊரிலும் எரியக்கூடிய நிலம் உண்டு. ராஜா மூசா காட்டுப் பகுதியில் மலாயில் ‘தானா காம்புட்’ எனப்படும் கரிமண் சதுப்பு இருக்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண் காய்ந்து, தீ மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகையும். 2008 முதல் வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் ஊர்மக்களும் கால்வாய்களை அடைத்து, நீர் மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டு வருகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நீர், பிறகுதான் மரம். ‘மரம் நடுவோம்’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும், கட்டுரை ஒரு படி மேலே போய்விடும்.

மின்மினி சொல்லும் பாடம்

கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறார்கள். நம் மாணவர் கட்டுரையில் அவை வந்தால், ‘வருணனை’யாக மட்டும் வரும்: வானத்து நட்சத்திரங்கள் மரத்தில் இறங்கியதுபோல. அழகுதான், அதற்குமேலும் போகலாம்.

மின்மினி ஒளிர்வது ஆற்றோரத்து பெரெம்பாங் மரத்தில். வளர்வது அங்கே இல்லை. அதன் புழு ஆற்றங்கரைக்குப் பின்னால் உள்ள ஈரமான நிலத்தில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையில் ஒரு வரிசை பெரெம்பாங்கை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் உள்ள நிலத்தைச் செம்பனைக்காகவும் வாழைக்காகவும் வழித்துவிட்டால், மரம் இருக்கும், ஒளி குறைந்துகொண்டே போகும். மேலே ஆற்று நீர் குறைந்தால் கடலின் உப்பு உள்ளே ஏறி வரும். பெரெம்பாங்குக்கு நன்னீரும் உப்பும் கலந்த அந்த அளவு தேவை. கரையில் மின்விளக்கு பெருகினால் ஒன்றின் ஒளியை ஒன்று அறிய முடியாமல் போகும்.

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987-இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் பராமரிப்பில் தொடங்கியபோதும் அடிப்படைப் பாடம் இதுதான். ஓர் உயிரைக் காக்க அது வாழும் இடம் முழுவதையும் காக்க வேண்டும்.

நாலாவது மாடியில் பெயின்ட் வாளிக்குள் பாட்டி வைத்த முருங்கையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்தச் செடிக்கும் பின்னால் நிலம் இல்லை.

ஐந்து தோட்டங்கள், 245 குடும்பங்கள்

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நிலையான மேம்பாட்டு இலக்குகளில் 11-ஆவது, நகரங்களைப் பற்றியது. நம் மாணவர்கள் இதைப் பெயரளவில் குறிப்பிடுகிறார்கள். உள்ளே என்ன வரிசை என்று பார்த்திருக்கிறோமா? 11.1 வீடு: எல்லாருக்கும் பாதுகாப்பான, வாங்கக்கூடிய விலையில் குடியிருப்பு. 11.2 போக்குவரத்து. பசுமையான பொது இடம் 11.7-இல்தான் வருகிறது. நாம் ஏழாவதிலிருந்து தொடங்கி ஏழாவதிலேயே முடித்துவிடுகிறோம்.

வடசிலாங்கூரில் 11.1-க்கு ஒரு முகம் உண்டு. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245. தோட்டங்கள் கைமாறிய பிறகு, சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள். 2023-இல்தான் அவர்களுக்கான வீட்டுத் திட்டம் தொடங்கியது. இருபது ஆண்டு என்றால், தொட்டிலில் இருந்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும். முதலில் மனு எழுதியவர்களில் எல்லாரும் சாவி வாங்க இருப்பார்களா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மாணவர்கள் இதையும் எழுத வேண்டும். ‘அடுக்குமாடிதானே நிலத்தை மிச்சப்படுத்தும்? எல்லாருக்கும் தரைவீடு என்றால் இன்னும் எத்தனை காடு, எத்தனை வயல்?’ கேள்வி சரி. நெருக்கமான நகரம் நிலத்தையும் எரிபொருளையும் சேமிக்கும் என்பது உண்மை. சிங்கப்பூர் மக்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். அங்கே 1967-இல் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1960-இல் வீடமைப்புக் கழகம் வேலையைத் தொடங்கிவிட்டது. மாடிக்குக் கீழே சந்தை, பேருந்து, பள்ளி, மின்தூக்கி எல்லாம் சேர்ந்து வந்தன. நம் மாணவர்கள் சிங்கப்பூரின் மரத்தை மட்டும் கடன் வாங்குகிறார்கள்.

மாடி கெட்டது என்பதல்ல என் வாதம். மின்தூக்கி பழுதான மாடியில், பேருந்து வராத இடத்தில், செடி வைக்க ஓரடி மண் இல்லாமல் முதியவர்களை ஏற்றிவிட்டால் அது பசுமைத் திட்டம் ஆகாது. அதுபோலவே, பழைய தோட்ட நிலத்தில் வரிசை வரிசையாகத் தரைவீடு கட்டி, நுழைவாயிலில் நீரூற்றும் ‘ஆலாம்’, ‘இக்கோ’ போன்ற பெயரும் வைத்துவிட்டாலும் பசுமை வந்துவிடாது. வடசிலாங்கூரின் புதிய தாமான் பலவற்றில் மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாமல் ஒரு கிலோ சீனி வாங்கிவர முடியுமா, நீங்களே சொல்லுங்க. வீடு தரையிலா மாடியிலா என்பது இரண்டாம் கேள்வி. அங்கே குடியிருக்கப்போகிறவர்களைக் கேட்டார்களா என்பது முதல் கேள்வி.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

‘இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தேர்வுக்கு நேரம் எங்கே?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஒரே மாதிரியான முப்பது தாள்களைத் திருத்துகிறவருக்குத் தெரியும், எந்தத் தாள் நிமிர்ந்து உட்கார வைக்கிறது என்று. உள்ளூர்ச் சான்று சேர்ப்பதற்கு அதிகப் பக்கம் தேவையில்லை. இரண்டு வாக்கியம் போதும்.

நகரம், சுற்றுச்சூழல் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் மாணவர்கள் இந்த நான்கு கேள்விகளைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

1. நிலம் யாருடையது? முன்பு அங்கே யார் இருந்தார்?
2. யாருக்கு வீடு கிடைக்கும்? என்ன விலையில்?
3. அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் எப்படிப் போவார்கள்?
4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பை எங்கே போகிறது?

ஒரு பத்தியை மட்டும் மாற்றி எழுதிக் காட்டுகிறேன். வழக்கமாக வருவது இது:

‘பசுமை நகரத்தை உருவாக்க நாம் அதிகமான மரங்களை நட வேண்டும். மரங்கள் தூய்மையான காற்றைத் தருகின்றன. எனவே, மரம் வளர்ப்பது நம் தலையாய கடமையாகும்.’

பிழை ஒன்றும் இல்லை. எந்த ஊர் மாணவரும், எந்த ஆண்டிலும் இதை எழுதலாம், குறை அதுதான். இப்போது இது:

‘மரம் நடுவது மட்டும் போதுமா? கோலசிலாங்கூர் ராஜா மூசா காட்டில் முதலில் கால்வாய்களை அடைத்து நீர் மட்டத்தை உயர்த்துகிறார்கள். மண் ஈரமான பிறகே மரம் நடுகிறார்கள். ஏனெனில், காய்ந்த கரிமண்ணில் நட்ட கன்று அடுத்த தீயில் கருகிவிடும். நகரமும் அப்படித்தான். வீடு, நீர், போக்குவரத்து ஆகிய அடிப்படைகள் சரியாக இருந்தால்தான் சாலையோர மரத்துக்குப் பொருள் இருக்கும்.’

இது ஒன்றும் கடினமான தமிழ் இல்லை. முதல் பத்தியில் இருந்த கருத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டும் எண்ணும் தெரிந்தால் எழுதுங்கள். ஐயமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தவறான புள்ளிவிவரத்தைவிடத் துல்லியமான ஊர்ப்பெயர் மேல்.

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பாட்டியோ தாத்தாவோ சொன்னதை மேற்கோள் குறிக்குள் பேச்சுவழக்கிலேயே எழுத மாணவர்களை விடுங்கள். கட்டுரையின் நடை எழுத்து வழக்கில் இருக்கட்டும். சாட்சியின் குரல் அவரவர் குரலாக இருக்கட்டும். இரண்டு, பள்ளியின் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். நம் மாவட்டத்தில் கோல்ஃபீல்ட்ஸ், ஹோப்ஃபுல், ராஜா மூசா, ரிவர்சைட், துவான் மீ என்று எத்தனை பள்ளிகள் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன? அந்தப் பெயரில் உள்ள தோட்டத்தில் இன்று யார் வாழ்கிறார்கள், அன்று வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று மாணவர்கள் விசாரித்து ஒரு பக்கம் எழுதட்டும். நகர வடிவமைப்புக்கு அதைவிடச் சிறந்த முன்னுரை இல்லை.

அந்த மாணவியின் தாளை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் போட்ட மதிப்பெண்ணை இப்போது மாற்ற முடியாது. அவள் கடைசி வரியில் கேட்ட கேள்விக்கும் அன்று நான் பதில் எழுதவில்லை. அடுத்த முறை ‘பசுமை நகரம்’ என்று கரும்பலகையில் தலைப்பு எழுதும்போது, அதற்குக் கீழே அவளுடைய கேள்வியையும் எழுதிவிட்டு மாணவர்களிடம் விடுங்கள்: “அந்த நகரத்துல எங்க பாட்டிக்கு இடம் இருக்குமா?”